மதி என்றால் போதும்

எனக்குப் பக்கவாதம் வந்தது அலுவலகத்தில் வைத்து. தம்பானூரில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் இன்சூரன்ஸ் அலுவலகம் இருந்தது. நான் அங்கே ஹெட் கிளார்க். தொண்ணூற்றாறாம் வருஷம், ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்ததும் பிடித்துக்கொள்ளும் மழை பிடித்திருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்தேன். காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. அதைக் கொஞ்சம் சாத்தச் சொல்லலாமென்று பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டதாகத்தான் நினைத்தேன். வெளியே வந்தது பேச்சு இல்லை, ஏதோ ஒரு சத்தம். தரையில் ஒரு பேனா கிடந்தது. யாருடைய பேனா என்று பார்த்தேன். அது என் வலது கையிலிருந்து விழுந்தது என்பதே எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து மேஜைக்காரி திரும்பிப் பார்த்து, "சேச்சீ, எந்து பற்றி?" என்றாள். என்ன ஆயிற்று என்று மலையாளத்தில் கேட்கிறாள் என்பது புரிந்தது. பதில் சொல்ல வாய் வரவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணிப்போயிருந்ததாம்; பிற்பாடு சொன்னாள். அவள் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டோ, சோடா வாங்கிவரச் சொல்லிக்கொண்டோ நிற்கவில்லை. ஆட்களைக் கூப்பிட்டு, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு என்னைத் தூக்கவைத்து, குறுகலான அந்த மரப்படியில் இறக்கி, கண்ணில் பட்ட முதல் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். அவள் மடியில் தலை வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்று நான் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் முதல் நன்றி அவளுக்கு.

என் கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் புடவைக் கடை. அவர் என் சொந்த அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எனக்கு அத்தான்தான். கடைக்கு போன் வந்த நேரத்தில் யாரோ ஒரு அம்மாவுக்குப் பட்டுப் புடவை ஒன்றைத் தன் தோளிலேயே போட்டு விரித்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். போட்டது போட்டபடி ஓடிவந்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கண்ணைத் திறந்தபோது, வேட்டி சட்டைக்கு மேல் மாம்பழ நிறத்தில் ஒரு புடவை தொங்க, மழையில் நனைந்து நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. முகம்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். அதனால் வலது கையும் வலது காலும் பேச்சும் போய்விட்டன. எவ்வளவு திரும்பும், எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அங்கே எடுத்த பரிசோதனைகளில்தான் எனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வருஷக்கணக்காக இருந்திருக்கின்றன என்பது தெரிந்தது. தலைவலி, களைப்பு, அடிக்கடி தாகம் என்று உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது; நான் அதை பஸ் நெரிசலின் கணக்கில் சேர்த்திருந்தேன். ஒரு நோய்க்காகப் போனவள் மூன்று நோயோடு வீடு திரும்பினேன்.

அப்போது எங்கள் மகள் கல்லூரியில் ப்ரீ டிகிரி படித்துக்கொண்டிருந்தாள். அத்தானுக்குக் கடை. பகலில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து என் அக்கா வந்தாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கணவரை இழந்து மகன் வீட்டில் இருந்தாள். இரண்டு பையோடு நாகர்கோவில் பஸ்ஸில் வந்து இறங்கி, "ஒரு மாசம் இருந்து ஒன்ன எந்திரிக்க வச்சிட்டுப் போறேன்" என்றாள். மலையாளத்தில் அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இருப்பதாக அவள் நினைக்கவில்லை. தமிழ் பேசும் வீட்டுக்குத்தானே வந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து சில வாரம் வரைக்கும் நான் பேசவில்லை. மற்றவர்கள் பேசுவது பெரும்பாலும் புரிந்தது. சொல்ல வேண்டியதும் உள்ளே இருந்தது. ஆனால் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் எங்கேயோ சொற்கள் உதிர்ந்துவிடும். தலையை ஆட்டுவேன், இடது கையால் காட்டுவேன், முடியாதபோது அழுவேன். அழுகையும் என் வசத்தில் இல்லை. டிவியில் வானிலை அறிக்கை வாசித்தால்கூட அழுதேன். "மழ வரும்னு சொன்னதுக்கா அழுத?" என்பாள் அக்கா. உடனே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அதையும் நிறுத்த முடியாது.

ஒருநாள் காலை அக்கா எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வயிறு நிறைந்துவிட்டது. அடுத்த கரண்டியைக் கொண்டுவந்தபோது என் வாயிலிருந்து தெளிவாக ஒரு சொல் வந்தது.

"மதி."

அக்காவின் கை நின்றது. "என்ன சொன்ன? சொல்லுட்டி, இன்னொரு மட்டம் சொல்லு!"

"மதி. மதி."

"மதியமா? மதியம் ஆவலயேட்டி, இப்பதான எட்டு மணி. மதியத்துக்கு சோறு தாரேன். இத மொதல்ல குடி." இன்னொரு கரண்டியை வாயில் வைத்துவிட்டாள்.

நான் துப்பினேன். "மதி! மதி!" என்று கத்தினேன். பக்கத்து அறையில் தலை பின்னிக்கொண்டிருந்த மகள் பாதிப் பின்னலோடு ஓடிவந்தாள். "பெரியம்மா, மதின்னா போதும்னாக்கும்! அம்மை மலையாளம் பேசுகு! அப்பாவை விளிங்க!" என்று குதித்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இருபது வருஷ அலுவலகப் பேச்சு மலையாளம். அதுதான் முதலில் திரும்பி வந்தது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, கல்யாணமாகி வந்த பிறகு இங்கே கற்றுக்கொண்ட பாஷை எனக்கு மிஞ்சியது. பிறந்த நாள் முதல் பேசிய பாஷையைக் காணோம். யாராவது தமிழில் பேசினால் புரியும். பதில் மலையாளத்தில்தான் வரும். டாக்டரிடம் கேட்டோம். இரண்டு பாஷை தெரிந்தவர்களுக்கு ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வருவதுண்டு, இன்னது முதலில் வருமென்று சொல்வதற்கில்லை, பொறுத்திருந்து பார்க்கலாம் என்றார்.

மகளுக்கு ஒரே கொண்டாட்டம். அவளும் அவள் தோழிகளும் வீட்டில் மலையாளம் பேசினால், "வாசலுக்கு வெளியே அது, உள்ளே வந்தா தமிழ்" என்று கண்டிப்பாக இருந்தவள் நான். இப்போது அவள் என்னோடு ஆசை தீர மலையாளம் பேசினாள். அத்தான்தான் திணறிப்போனார். கடையில் அவர் பேசாத மலையாளம் இல்லை. ஆனால் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வாடிக்கையாளரிடம் பேசும் மரியாதை மலையாளம். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எந்தா வேண்டது?" என்று கேட்டார். என்ன வேண்டும் என்று, புடவை வாங்க வந்தவளிடம் கேட்பதுபோல. எனக்குக் கண்ணில் நீர் வர வர சிரிப்பு. அவருக்கும்தான்.

அக்காவுக்குத்தான் தாங்கவில்லை. என் உடம்பைத் துடைப்பவள் அவள், சோறு ஊட்டுபவள் அவள், கழிவறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போகிறவள் அவள். நான் பேசுவது மட்டும் அவளுக்குப் புரியவில்லை. தோள் வலிக்கிறது என்று "வேதன" என்பேன். அவள் ஏதோ மனக்கவலை என்று நினைத்துக்கொண்டு, "எதுக்கு வேதனப்படுத, நான் இருக்கேம்லா?" என்று தலையைத் தடவிக்கொடுப்பாள். வலி தோளில் இருக்கும். ஆனாலும் அந்தத் தடவல் நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் மாலை அத்தான் கடையிலிருந்து வந்ததும், "தம்பி, இவ ஊரெல்லாம் பேசுதா, எங்கூட மட்டும் பேசமாட்டங்கா" என்று சொல்லி விசும்பினாள்.

"மதினி, அவ வேணும்னு செய்யல்ல. அது பையப் பைய வரும்."

"வராட்டா?"

அத்தான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "வராட்டா நீங்க மலையாளம் படிக்கணும் மதினி. வேற வழி இல்ல" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அக்கா அதை வீம்பாக எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து மகள் கல்லூரிக்குக் கிளம்பும் முன் அவளிடம் இரண்டு மூன்று சொற்களைக் கேட்டுக்கொண்டு, சமையலறையில் அதையே முணுமுணுத்துக்கொண்டு வேலை பார்ப்பாள். தோசை வார்த்துப் போட்டுவிட்டு, "மதியாட்டி?" என்று கேட்பாள். மலையாளச் சொல்லின் வாலில் நெல்லைத் தமிழைக் கட்டிவிட்டது மாதிரி இருக்கும். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

தமிழ் எனக்குத் திரும்பியது வாய்ப்பாடு வழியாக. காலையில் அக்கா என் வலது காலுக்கு எண்ணெய் தேய்த்து நீட்டி மடக்குவாள். இயன்முறைப் பயிற்சிக்காரர் சொல்லிக்கொடுத்த பயிற்சி. எண்ணிக்கை விட்டுப்போகாமல் இருக்க அவள் வாய்ப்பாடு சொல்வாள். சின்ன வயதில் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். "ஈரஞ்சு பத்து, ஈராறு பன்னெண்டு, ஈரேழு பதினாலு" என்று போய்க்கொண்டிருந்தவள், அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு, "ஈரெட்டு" என்று நிறுத்தி எழுந்தாள்.

"பதினாறு" என்றேன்.

அவள் திரும்பினாள். நானும் அவளைப் பார்த்தேன். "ஈரொம்பது பதினெட்டு" என்றது என் வாய். நான் ஒன்றும் செய்யவில்லை, அது தானாக ஓடியது. பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடெல்லாம் தீய்ந்த வாடை. அக்கா அசையவில்லை. ஈர்பதினாறு முப்பத்திரண்டு வரைக்கும் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினேன்.

அதற்குப் பிறகு மாதங்களின் பெயர், கிழமைகளின் பெயர், திருப்பாவையில் சில வரிகள் என்று மனப்பாடமாக இருந்தவை ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் பேச்சு வரவில்லை. "தண்ணி குடு" என்று கேட்க முடியாது, சித்திரை வைகாசி சொல்ல முடியும். அக்கா அதிலேயே திருப்தியாக இருந்தாள். நானும் அவளும் மாறி மாறி மாதப் பெயர்களைச் சொல்லிப் பேசிக்கொள்வதுபோல நடிப்போம்.

பிறகு ஒரு மத்தியானம். எனக்கு ரத்த அழுத்தம் என்பதால் குழம்பில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அக்கா குறைப்பதற்குப் பதில் ஏறக்குறைய நிறுத்தியேவிட்டாள். அன்று வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. ஒரு வாய் வைத்ததும் எரிச்சல் மண்டைக்கு ஏறியது. தட்டைத் தள்ளிவிட்டு, "என்னட்டி கொழம்பு வச்சிருக்க, உப்பே இல்ல!" என்றேன்.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் மலர்ந்ததைப் போல வேறு எந்த முகமும் மலர்ந்து நான் பார்த்ததில்லை. "இன்னும் ஏசு" என்றாள். "நல்லா ஏசு. வாய்க்கு வந்தபடி ஏசு." கடைக்குப் போன் போட்டு, "தம்பி, கொழம்பு நல்லால்லன்னு ஏசுதா தம்பி!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். உப்பு மட்டும் போடவில்லை.

வந்த தமிழ் நான் விட்டுவந்த தமிழ். இங்கே வந்தபின் அத்தான் வீட்டுப் பேச்சு, சாலைப் பேச்சு என்று கலந்து நான் பேசிக்கொண்டிருந்த தமிழ் அல்ல. பத்து வயதில் அக்காவோடு சண்டை போட்ட நெல்லைத் தமிழ். அத்தான் ஆச்சரியப்பட்டார். "இப்படி ஒருத்திய எனக்குத் தெரியவே தெரியாதே" என்றார். இன்றும் அந்தத் தமிழில்தான் பேசுகிறேன். மலையாளமும் போகவில்லை. இரண்டிலும் இடையிடையே ஒரு சொல் தட்டிப்போகும்; அப்போது எந்தப் பாஷையில் கிடைக்கிறதோ அதை எடுத்துப் போட்டுக்கொள்வேன். இந்த ஊரில் அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. எல்லாரும் பேசுவதே அப்படித்தானே.

அக்கா ஒரு மாதம் முடிந்து போகவில்லை. மகன் வந்து கூப்பிட்டான். "இவ ஒழுங்கா படியேறட்டும், வாரேன்" என்றாள். அப்புறம் அவன் கூப்பிடுவதை விட்டு, லீவுக்குப் பிள்ளைகளோடு இங்கேயே வர ஆரம்பித்தான்.

அடுத்த வருஷம் கோடையில் நான் திரும்ப வேலைக்குப் போனேன். கால் ஓரளவு வந்துவிட்டது. கம்பு ஊன்றி நடந்தேன். வலது கை வரவில்லை. இடது கையால் எழுதப் பழகியிருந்தேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருக்கும். இரண்டாம் மாடி எப்படி ஏறுவது என்பதுதான் கவலை. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பக்கத்து மேஜைக்காரி, "சேச்சி வரூ, பாக்கி நமுக்கு நோக்காம்" என்றாள். நீங்கள் வாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று. போய்ப் பார்த்தால் கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் அடைத்துவைத்திருந்த அறையைக் காலிசெய்து, வெள்ளையடித்து, என் மேஜையைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தனியாக உட்கார்ந்தால் நான் சோர்ந்துபோவேன் என்று தன் மேஜையையும் அவள் கீழே இறக்கியிருந்தாள்.

வேலைக்குப் போன முதல் நாள் காலைதான் புடவைப் பிரச்சினை வந்தது. அதுவரை வீட்டில் நைட்டிதான். ஒரு கையால் புடவை கட்ட முடியவில்லை. அக்கா கட்டிவிட்டால் இடுப்பில் மூட்டை மாதிரி நிற்கும். அவள் தனக்கே அப்படித்தான் கட்டுவாள். இரண்டு முறை அவிழ்த்துக் கட்டியும் சரிவராமல் நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். அத்தான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் உள்ளே வந்தார்.

"தள்ளுங்க மதினி. நான் நோக்கட்டு."

அக்கா வெட்கப்பட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் முழங்காலிட்டு உட்கார்ந்து கொசுவம் எடுத்தார். விரல்களுக்கிடையில் மடிப்பு மடிப்பாக, ஒன்றுபோல் ஒன்று விழுந்தது. கல்யாணமான நாள் முதல் நான் கட்டிய புடவையெல்லாம் அவர் கடைப் புடவை. ஒருநாளும் அவர் கை வைத்துக் கட்டியதில்லை. "எத்தன ஆளுக்கு முன்னால தோள்ல போட்டுக் காட்டியாச்சு, உடுத்திவிட்டது கெடையாது" என்று சொல்லிக்கொண்டே தலைப்பை மடித்துப் பின் குத்தினார். எழுந்து இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். பழக்கதோஷத்தில், "நல்லா எடுப்பா இருக்கு. உங்க நெறத்துக்குத்தான் இது" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. நான் சிரித்த சிரிப்பில் கம்பு கீழே விழுந்தது. அன்றிலிருந்து நான் வேலையில் இருந்த வருஷங்கள் முழுக்க, காலையில் எனக்குப் புடவை கட்டிவிட்டுத்தான் அவர் கடை திறக்கப் போவார்.

நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. திரும்ப வேலைக்குப் போன வருஷமே ஓணத்துக்கு முன்னால், கடையில் வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சில் இருந்தபோது எனக்கு முதல் வலிப்பு வந்தது. பக்கவாதம் வந்த மூளையில் தழும்பு இருக்கும், அதனால் சிலருக்கு வலிப்பு வரும் என்றார்கள். அதற்கு மாத்திரை. வலது தோள் இறுகிப்போய் கையைத் தூக்கினால் உயிர் போகும்; அதற்கு மாத்திரை. தூக்கம் வரவில்லை, அதற்கு ஒன்று. மூளைக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒருவர், நெஞ்சு படபடக்கிறது என்று போனபோது இதயத்துக்கு ஒருவர். ஒவ்வொருவரும் நல்லவர்கள். ஒவ்வொருவரும் அவரவர் நோயைப் பார்த்தார்கள். மாத்திரைகளைக் கலக்காமல் வைக்க அக்கா ஒரு முறுக்கு டப்பாவை ஒதுக்கினாள். அப்புறம் அது இரண்டு டப்பாவாயிற்று.

நான் அடிக்கடி கீழே விழ ஆரம்பித்தேன். கட்டிலிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். பக்கவாதக்காரி விழத்தானே செய்வாள் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். காலையில் பசியில்லை, ஒரு இட்லியோடு எழுந்துவிட்டேன், மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டேன். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அத்தானிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை இல்லை. குழறியது. உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. அத்தான் பேப்பரைக் கீழே போட்ட வேகத்திலிருந்து அவர் என்ன நினைத்தாரென்று தெரிந்தது. நானும் அதையேதான் நினைத்தேன். அது மறுபடியும் வந்துவிட்டது. வாய்ப்பாட்டிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். அக்கா காரில் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "பேடிக்காண்டாம்ட்டி, பேடிக்காண்டாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பயப்படாதே என்று மலையாளத்தில்; பயந்துபோயிருந்தது அவள்தான்.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு பெண் டாக்டர். என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். முதலில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். பார்த்ததும் நர்ஸிடம் ஏதோ சொன்னாள். கையில் ஊசி ஏற்றி குளுக்கோஸ் விட்டார்கள். கொஞ்ச நேரம்தான். தண்ணீர் வராத குழாயில் காற்று போய்த் தண்ணீர் வருவதுபோல எனக்குச் சொற்கள் வந்தன. நான் அக்காவைப் பார்த்து, "அடுப்ப அணச்சியா?" என்று கேட்டேன்.

டாக்டர் சிரித்தாள். அவள் அம்மா நாகர்கோவில்காரியாம்; தமிழும் மலையாளமுமாகப் பேசினாள். "ஒண்ணுமில்ல அம்மா. ஷுகர் தாழ்ந்து போச்சு, அத்ரயே உள்ளு, அவ்வளவுதான். இது வேற ஸ்ட்ரோக் இல்ல." அத்தான் சுவரில் சாய்ந்துகொண்டார். அவள் என்னைப் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்தாள். நின்றதும் வெகுவாக இறங்கியது. "வீட்டுல உள்ள மருந்து ஒக்கே கொண்டு வரணும். பழசு, புதுசு, எல்லாம்" என்றாள்.

மறுநாள் இரண்டு முறுக்கு டப்பாவையும் அக்கா அவள் மேஜையில் கவிழ்த்தாள். டாக்டர் பட்டை பட்டையாக எடுத்து, சேர்த்து, பிரித்து வைத்தாள். வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள், அவள் அவசரப்படவில்லை. கடைசியில் இரண்டு பட்டைகளை எடுத்து எங்களுக்குக் காட்டினாள். பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருப்பது ஒரே பிரஷர் மருந்து. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. அதனால்தான் எழுந்தால் கண் இருட்டியது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, அதனால் சர்க்கரை மாத்திரை உடம்பைவிட்டு வெளியேறாமல் தங்குகிறது, அதையும் மாற்ற வேண்டும். பாதி மாத்திரைகளை ஒரு பக்கமாகத் தள்ளி, "இது ஒண்ணும் இனி வேண்டாம்" என்றாள். மற்ற டாக்டர்களுக்கெல்லாம் அவளே போன் செய்து பேசினாள். அதன் பிறகு நான் எங்கே போனாலும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். விழுவதும் நின்றது.

சிறுநீரகம் என்ற இன்னொன்று சேர்ந்துவிட்டதே என்று வருத்தப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், இரண்டாவது பக்கவாதம் இல்லை என்ற சந்தோஷத்தில் அந்தச் செய்தி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சாப்பாட்டில்தான் அதன் கனம் தெரிந்தது. சர்க்கரைக்காக இனிப்பு போயிற்று, அழுத்தத்துக்காக உப்பும் அப்பளமும் ஊறுகாயும் போயின. இப்போது இளநீர் கூடாது, ஏத்தம்பழம் என்கிற நேந்திரம்பழம் கூடாது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் இந்த ஊரில் வேறு எதைக் கொண்டுவருவார்கள்? வந்தவர்களுக்கே வெட்டிக் கொடுத்து உபசரிப்போம். காய்களை நறுக்கி வெந்நீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்கச் சொன்னார்கள். சத்தெல்லாம் போய்விடுமே என்று அக்கா முதலில் டாக்டரோடு சண்டைக்குப் போனாள். பிறகு வடித்த காயில் கறிவேப்பிலையும் சீரகமும் கொஞ்சம் தேங்காயும் தாளித்து எப்படியோ ஒரு ருசியைக் கொண்டுவந்துவிட்டாள். சாலைக் கடைத்தெருவில் ஒரு காய்காரியோடு அவள் மலையாளத்தில் மல்லுக்கு நிற்பதை ஒருநாள் ஆட்டோவில் உட்கார்ந்து பார்த்தேன். காய்காரியும் தமிழ்க்காரிதான்; அது அக்காவுக்கும், அக்கா தமிழ் என்பது அவளுக்கும் கடைசிவரை தெரியவில்லை.

எல்லா நாளும் நன்றியோடுதான் எழுந்தேன் என்று சொல்ல மாட்டேன். வலிப்பு மாத்திரை மந்தமாக்கும் காலைகளில் யாரைக் கண்டாலும் பிடிக்காது. மகள் கல்யாணத்தில் என் கையால் மஞ்சள் அரைக்க முடியவில்லையே என்று மண்டபத்தின் பின்னால் உட்கார்ந்து அழுதேன். மகள் மணப்பெண் அலங்காரத்தோடு தேடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல நேரம் போகிறது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "வாங்கம்மா" என்று என் வலது கையைத்தான் பிடித்து எழுப்பினாள். உணர்ச்சி அரைகுறையாக உள்ள கை அது. ஆனாலும் அவள் பிடித்தது தெரிந்தது.

சென்ற வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். மகளும் மருமகனும் லீவுக்கு வந்தபோது, எங்கேயாவது போகலாமா என்று கேட்டார்கள். பொன்முடி மலைக்கு என்றேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் நான் பொன்முடி போனதில்லை. பிள்ளை சின்னது, கடைக்கு லீவு இல்லை, பஸ் இல்லை என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போயிற்று. டாக்டரிடம் கேட்டேன். "போயிட்டு வாங்கம்மா. நேரத்துக்குச் சாப்பிடணும், அவ்வளவுதான்" என்றாள்.

மருமகன் காரை ஓட்டினான். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு சாமி பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள். அத்தான் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். தேயிலைச் சரிவில் கூடையோடு நின்ற பெண்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். நான் இடது கையை அசைத்தேன்.

மேலே ஒரே மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை. "இதப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? ஒரு மண்ணுந் தெரியல" என்றாள் அக்கா. காரிலேயே உட்கார்ந்து, அவள் கட்டிக்கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தை, எனக்கு உப்பில்லாத பொட்டலம், மற்றவர்களுக்கு உப்புள்ள பொட்டலம் என்று பிரித்துச் சாப்பிட்டோம். மருமகன் எங்கிருந்தோ எனக்குச் சர்க்கரை இல்லாத டீ வாங்கிவந்தான். கிளாஸ் சுட்டது, மகள் துண்டால் சுற்றிக் கொடுத்தாள்.

பனி கொஞ்சம் விலகியபோது நான் இறங்கினேன். புல்வெளி ஈரமாக இருந்தது. அத்தான் ஒரு பக்கம், கம்பு ஒரு பக்கம். சற்று தூரத்தில் தடுப்புக் கம்பி வரை போய் நின்றோம். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை, நடுவில் ஒரு வெள்ளைக் கோடாகத் தண்ணீர் ஓடியது. குளிரில் என் மூக்கு ஒழுகியது. அத்தான் தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டார். காரிலிருந்து அக்கா, "அட்ட இருக்கும்ட்டி, கால நல்லா பாத்துக்கோ!" என்று கத்திக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறோம் என்று நான் திரும்பிக் கத்தினேன்.